"குளிர்ல அப்படித்தான்"னு விட்டுடாதீங்க: மலைக் காலேஜ் பசங்க கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி நீலகிரி, கொடைக்கானல் பக்கம் காலேஜ் படிக்கற பசங்க எழுதினது, அதனால இந்த இதழ் பக்கம் முழுக்க அவங்களுக்கே. பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, யார் பேரும் போடல. எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் படிச்சப்ப ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. சோர்வா இருக்கா, குளிர். தலைவலியா, குளிர். அழுகையா வருதா, அதுக்கும் குளிர்னு வீட்லயும் ஹாஸ்டல்லயும் சொல்லிடறாங்க, நீங்களும் நம்பிட்டு மாசக்கணக்குல அப்படியே இருக்கீங்க.

கேள்வி: மேடம், எங்க ஊரு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம், காலேஜ் குன்னூர்ல, பிஎஸ்சி செகண்ட் இயர். பஸ்ஸ விட்டு இறங்கி மேடு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது, கிளாஸ்ல கண்ணு சொருகுது, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. காலேஜ்ல கேம்ப் போட்டப்ப ஹீமோகுளோபின் 10.4னு எழுதிக் குடுத்தாங்க. அம்மா டெய்லி பீட்ரூட் ஜூஸ் போட்டுத் தராங்க, ஃப்ரெண்டு மெடிக்கல்ல அயர்ன் மாத்திரை வாங்கிப் போடுன்னு சொல்றா. வீட்ல தேயிலைத் தோட்டம் இருக்கு, ஒரு நாளைக்கு அஞ்சாறு டீ குடிப்பேன். நான் என்ன பண்ணட்டும்?

பதில்: 10.4ன்னா ரத்தசோகைதான் மா, சந்தேகமே வேண்டாம். பெண்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு, அந்த 12 கூட கீழ சமவெளில இருக்கறவங்களுக்கு. நீ இருக்கறது கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துல, அங்க காத்தோட அழுத்தம் கம்மி, ஒரு மூச்சுல உனக்குள்ள போற ஆக்சிஜன் சென்னைல இருக்கற பொண்ணுக்குப் போறத விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைவு. அத ஈடுகட்டத்தான் மலைல இருக்கறவங்க உடம்பு சிவப்பணுவ கொஞ்சம் கூடுதலா செய்யும், அதனால உயரத்துல வாழறவங்களுக்கு அந்த 12ங்கற கோட்டையே கொஞ்சம் ஏத்தி வச்சுத்தான் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அப்படிப் பாத்தா உன்னோட 10.4, மேட்டுப்பாளையத்துல ஒரு பொண்ணுக்கு வர்ற 10.4 விட மோசமானது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கறதும் கிளாஸ்ல தூக்கம் வர்றதும் இதனாலதான் இருக்கணும், உன்ன சோம்பேறின்னு யாராவது சொல்லியிருந்தா அத மனசுல வச்சுக்காத. உன்ன மாதிரி நிறைய பேர் இருக்காங்க, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, உன் கிளாஸ்ல பாதிப் பேர்னு வச்சுக்கோயேன்.

அம்மா கோவிச்சுக்கக் கூடாது, ஆனா பீட்ரூட் கலர் ரத்தம் மாதிரி இருக்குங்கறதுக்காக அதுல ரத்தம் ஊறிடாது. 100 கிராம் பீட்ரூட்ல இரும்புச்சத்து 1 மில்லிகிராம் கூட இல்ல, உன் வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கணக்கு, ஆம்பளைக்கு 19 போதும். பேரீச்சம்பழமும் நாம நினைக்கற அளவுக்கு இல்ல. ராகிக் களி, கொள்ளு, கீரை, அசைவம் சாப்பிடுவீங்கன்னா வாரத்துல ஒரு நாள் ஆட்டு ஈரல், இதெல்லாம் பீட்ரூட்ட விட எவ்வளவோ மேல. ராகியெல்லாம் உங்க பாட்டி காலத்துல ஹட்டில தினமும் சாப்பிட்டதுதான், இப்ப ரேஷன் அரிசியும் பரோட்டாவும் வந்து அது ஓரமாப் போயிடுச்சு, அதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு.

இப்ப டீ. தேயிலைய வச்சுப் பொழைக்கற ஊர்ல போய் டீய விடுன்னு நான் சொல்ல மாட்டேன், நேரத்த மட்டும் மாத்து. டீல இருக்கற டானின் மாதிரி சத்துங்க சாப்பாட்டுல இருக்கற இரும்போட வயித்துல ஒட்டிக்கிட்டு அத உடம்புல சேர விடாது, அதுலயும் கீரை தானியத்துல இருந்து வர்ற இரும்புதான் ரொம்ப அடி வாங்கும். இங்க காலைல டீயும் வர்க்கி பிஸ்கட்டும்தான் டிபனே, மத்தியானம் சாப்பிட்டு கை கழுவின உடனே ஒரு டீ, ராத்திரியும் அப்படியே. சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் சாப்பிட்டு ஒண்ணரை ரெண்டு மணி நேரம் வரைக்கும் டீயோ காபியோ வேண்டாம், நடுவுல குடிச்சுக்கோ, அஞ்சாற மூணாக்கு. இரும்பு சேர்றதுக்கு வைட்டமின் சி உதவும், அதனால கீரைல எலுமிச்சை பிழி, சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காய் இல்ல ஒரு கொய்யா வச்சுக்கோ, செலவே இல்லாத மாத்தம் இது.

ஆனா 10.4 சாப்பாட்டால மட்டும் ஏறாது, மாத்திரை வேணும், அத டாக்டரப் பாத்துட்டு போடு. ஏன் சொல்றேன்னா ரத்தம் எதனால குறைஞ்சதுன்னு தெரியணும். பீரியட்ஸ் ஏழு நாளுக்கு மேல போகுதா, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாத்த வேண்டியிருக்கா, கட்டி கட்டியா வருதா, இத நீயா வாயத் திறந்து டாக்டர்கிட்ட சொல்லணும், நிறைய பொண்ணுங்க எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு நினைச்சுட்டு சொல்றதே இல்ல. வெறுங்கால்ல தோட்டத்துல காய்கறிக் காட்டுல நடக்கறவங்களுக்கு கொக்கிப்புழு கால் வழியா ஏறி குடல்ல உக்காந்து ரத்தம் குடிக்கும், பூச்சி மாத்திரை எப்ப போட்டன்னு யோசிச்சுப் பாரு. ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, உடம்புல இரும்பு இருப்பு எவ்வளவுன்னு அது சொல்லும். சில பேருக்கு இரும்பு சரியா இருக்கும், பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாட்டால ஹீமோகுளோபின் குறையும், அவங்க அயர்ன் மாத்திரையா போட்டுத் தள்ளினா பிரயோஜனம் இல்ல, அளவு மீறினா கெடுதல் கூட. மாத்திரை ஆரம்பிச்சா மலம் கருப்பா போகும், பயப்படாத. வயிறு ஒத்துக்கலன்னா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் நல்லாவே சேரும்னு இப்ப தெரிஞ்சிருக்கு. அளவு சரியானப்புறமும் மூணு மாசம் போடணும், இல்லன்னா அடுத்த வருஷம் இதே கடிதத்த மறுபடி எழுதுவ.

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க ஊரு கூடலூர் பக்கம், ஊட்டில டிகிரி படிக்கறேன், காலேஜ் ஃபுட்பால் டீம்ல இருக்கேன். எங்க அக்காவுக்கு சிக்கிள் செல் இருக்கு, சின்ன வயசுல இருந்து அடிக்கடி கை கால் வலின்னு ஆஸ்பத்திரில படுப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். நானும் டெஸ்ட் எடுக்கணுமா? இருக்குன்னு வந்தா விளையாட விட மாட்டாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: எடுத்துடு தம்பி, பயப்பட வேண்டாம். சிக்கிள் செல்னா ரத்தத்துல இருக்கற சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய். இந்தியாவுல சிக்கிள் செல் இருக்குன்னு முதல் முதல்ல கண்டுபிடிச்சு எழுதினதே நம்ம நீலகிரி ஆதிவாசி மக்கள்கிட்டதான், 1952ல. அதனால உங்க வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் கிடையாது, யாரும் செஞ்ச தப்பும் கிடையாது, அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஒரு மரபணு அவ்வளவுதான். ஒரே ஒருத்தர்கிட்ட இருந்து அது வந்தா நீ கேரியர், உனக்கு நோய் இல்ல. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் அக்கா மாதிரி நோய். அக்காவுக்கு வந்திருக்குன்னா அப்பா அம்மா ரெண்டு பேருமே பெரும்பாலும் கேரியரா இருப்பாங்க, அப்ப நோய் இல்லாம இருக்கற உனக்கு கேரியரா இருக்க 3ல 2 பங்கு வாய்ப்பு. டெஸ்ட் எடுக்கச் சொல்றதுக்கு இந்தக் கணக்கே போதும்.

மொதல்ல ஒரு சின்ன ரத்த டெஸ்ட் பண்ணுவாங்க, அதுல சந்தேகம் வந்தா எலக்ட்ரோபோரசிஸ் இல்ல எச்பிஎல்சின்னு ஒரு டெஸ்ட் பண்ணி கேரியரா நோயான்னு உறுதி பண்ணுவாங்க. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கு இதுல பல வருஷ அனுபவம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரிலயும் கேளு, 2023 ஜூலைல மத்திய அரசு ஆரம்பிச்ச சிக்கிள் செல் ஒழிப்பு திட்டத்துல 40 வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்கு இந்தப் பரிசோதனை உண்டு. ரிசல்ட் கார்ட பத்திரமா வை.

கேரியர்னு வந்தா ஃபுட்பால் விளையாடலாம், தாராளமா. ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கோ, தண்ணி குடிக்காம விளையாடாத, காய்ச்சல் இருக்கும்போது கிரவுண்டுக்குப் போகாத. ஊட்டி 2,240 மீட்டர், குளிர்ல வேர்வை தெரியாது, தாகமும் எடுக்காது, ஆனா ஓடும்போது ஒவ்வொரு மூச்சுலயும் தண்ணி வெளிய போயிட்டுதான் இருக்கும். சீசன் ஆரம்பத்துல முதல் நாளே வெறியா ஓடாம மெல்ல மெல்ல கூட்டு. கோச்கிட்ட சொல்லி வை, விளையாடும்போது இடது பக்க விலாவுக்குக் கீழ சுருக்குன்னு வலி வந்தாலோ தொடை இறுகிக்கிட்டு நடக்க முடியாமப் போனாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஓடி முடிச்சுடலாம்னு பல்லக் கடிக்கக் கூடாது.

கல்யாணம் இன்னும் தூரம் இருக்கு, ஆனாலும் சொல்லி வைக்கறேன். நீயும் கேரியர், வர்ற பொண்ணும் கேரியர்னா ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு இருக்கு. மொதல்லயே தெரிஞ்சா டாக்டர்கிட்ட பேசி முடிவெடுக்கலாம்.

அக்காவப் பத்தி நீ கேக்கல, ஆனா நான் விட மாட்டேன். அவளுக்கு வலி வர்றதுக்கு குளிர், தண்ணி பத்தாம போறது, காய்ச்சல் இதெல்லாமே காரணமாகும். ஊட்டிக்கு உன்னப் பாக்க வந்தா ஸ்வெட்டர் சாக்ஸ் இல்லாம வரவிடாத. ஹைட்ராக்ஸியூரியான்னு ஒரு மாத்திரை அடிக்கடி வலி வர்றவங்களுக்கு அத குறைக்கும், டாக்டர் குடுத்திருந்தா வலி இல்லாத நாள்லயும் விடாம போடணும். காய்ச்சல் வந்தா நாளைக்குப் பாக்கலாம்னு வச்சுக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: நாங்க நாலு பசங்க ஊட்டில ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கறோம். டிசம்பர் ஜனவரில உறைபனி தாங்க முடியல, ஹவுஸ் ஓனர் ஒரு இரும்புச் சட்டில கரி போட்டுக் குடுத்தார், ராத்திரி ஜன்னல மூடிட்டு அத ரூம்லயே வச்சுட்டு படுக்கறோம், நல்லா கதகதப்பா இருக்கு. ஆனா காலைல எழுந்தா நாலு பேருக்கும் தலைவலி, ஒருத்தன் வாந்தி எடுக்கறான். சளியா இருக்குமோ?

பதில்: இந்தக் கடிதத்த படிச்சப்ப எனக்கு கை நடுங்குச்சு. இன்னைக்கு ராத்திரி அந்தச் சட்டிய ரூமுக்குள்ள வைக்காதீங்க, நாளைக்கும் வைக்காதீங்க, இனிமே எப்பவும் வேண்டாம். நாலு பேருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வெளிய போய் நடந்தா சரியாகுதுன்னா அது சளி இல்லப்பா, கார்பன் மோனாக்சைடு. கரி அரைகுறையா எரியும்போது வர்ற வாயு, வாசனை கிடையாது, கலர் கிடையாது, இருமல் கூட வராது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும், ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், தலை சுத்தல், அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம், தூங்கிட்டு இருக்கறவனுக்கு அந்த மயக்கம் வர்றதே தெரியாது. ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் இப்படி கரி அடுப்ப வச்சுட்டு படுத்தவங்க காலைல எழுந்திருக்காம போன செய்தி திரும்பத் திரும்ப வருது, பெரும்பாலும் டூர் வந்தவங்கன்னு நாம நினைச்சுட்டு பேப்பர மடிச்சுடறோம்.

ஜன்னல கொஞ்சம் திறந்து வச்சுக்கறோம்னு எழுதாதீங்க, அது பத்தாது, தணல் அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் சாம்பலுக்குள்ள எரிஞ்சுட்டுதான் இருக்கும். பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சு கதவு ஜன்னல அடைச்சுட்டு குளிக்கறதும் இதே ஆபத்துதான், அத வெளிய மாட்டச் சொல்லி ஓனர்கிட்ட நாலு பேரும் சேர்ந்து கேளுங்க. யாராவது மயங்கிட்டா மூச்சடக்கி கதவு ஜன்னல திறந்து அவன வெளிய இழுத்துட்டு வந்து 108க்கு கால் பண்ணுங்க, ஆஸ்பத்திரில கரி அடுப்புன்னு மொதல் வார்த்தையா சொல்லுங்க. விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் இதுல 98, 99னு நல்லாத்தான் காட்டும், அதுக்கு ஆக்சிஜனும் இந்த வாயுவும் வித்தியாசம் தெரியாது, அத நம்பி வீட்லயே வச்சுக்காதீங்க. நீங்க நாலு பேரும் எப்படியும் ஒரு தடவை டாக்டரப் பாத்துடுங்க, வாந்தி எடுத்த தம்பி மொதல்ல.

குளிருக்கு என்ன பண்றதுன்னா ஒரு தடிக் கம்பளிக்குப் பதிலா ரெண்டு மூணு லேயரா போத்திக்கோங்க, கீழ தரைக்கும் பாய்க்கும் நடுவுல ஏதாவது கனமா விரிங்க, பாதிக் குளிர் தரைல இருந்துதான் ஏறுது. வெந்நீர் பை ஒண்ணு கால்கிட்ட. தலைக்கு குல்லா, காலுக்கு காஞ்ச சாக்ஸ். நாலு பேர் காசு போட்டா ஒரு ஆயில் ஹீட்டர் வாங்கலாம், ஆனா அந்த ரூம் ஒயரிங் தாங்குமான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

கேள்வி: கொடைக்கானல்ல லேடீஸ் ஹாஸ்டல். யூரின் போகும்போது எரிச்சல், அடிக்கடி வர்ற மாதிரி இருக்கு. போன தடவை மெடிக்கல்ல ரெண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாச்சு, இப்ப மறுபடி. வெளிய சொல்ல கூச்சமா இருக்கு.

பதில்: கூச்சப்பட ஒண்ணும் இல்ல மா, பொண்ணுங்களுக்கு ரொம்ப சகஜமா வர்ற தொற்று இது. ரெண்டு நாள் போட்டு நிறுத்தின மாத்திரைதான் இப்ப திரும்பி வந்ததுக்குக் காரணமா இருக்கலாம், கிருமி முழுசா சாகாம அந்த மருந்துக்குப் பழகிடும். இந்தத் தடவை யூரின் கல்ச்சர் குடுத்துட்டு டாக்டர் எழுதற மருந்த எத்தனை நாள் சொல்றாரோ அத்தனை நாளும் போடு. காய்ச்சலோ குளிர் நடுக்கமோ விலாப்பக்கம் முதுகு வலியோ இருந்தா அன்னைக்கே போகணும், கிட்னிக்கு ஏறியிருக்கலாம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் டாய்லெட் சரியில்லன்னு அடக்கறதும், அடக்கணுமேன்னு தண்ணியே குடிக்காம இருக்கறதும் நம்ம பொண்ணுங்க எல்லாரும் பண்றது, அது உங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், கதவு தாழ்ப்பாள் இல்லாத தண்ணி வராத டாய்லெட்ட வச்சுட்டு பிள்ளைங்கள குறை சொல்லக் கூடாது, பத்துப் பேரா சேர்ந்து பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுங்க. ஃப்ளாஸ்க்ல வெதுவெதுப்பா தண்ணி வச்சுக்கோ, பச்சைத் தண்ணிய விட குளிர்ல இது உள்ள இறங்கும், ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் போகணும்.

கேள்வி: நான் தஞ்சாவூர் பக்கம், ஊட்டில ஃபர்ஸ்ட் இயர். ஜூன்ல சேர்ந்ததுல இருந்து மழை, மஞ்சு, வெயிலே பாக்கல. பசிக்கல, ராத்திரி மூணு மணி வரைக்கும் போன், காலைல எழ முடியல, கிளாஸ் போறதில்ல. காரணமே இல்லாம அழுகை வருது. அப்பா கடன் வாங்கி சேர்த்தார், அவர்கிட்ட எப்படி சொல்றது.

பதில்: தம்பி, எழுதினதே பெரிய விஷயம். வெயில் இல்லாம இருக்கறது, தூக்கம் தலைகீழா போனது, பழகின சோறு பழகின முகம் எதுவும் இல்லாதது, எல்லாம் சேர்ந்து மனச அமுக்கும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இப்படின்னா அது வெறும் வீட்டு ஞாபகம் இல்ல, மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு, நல்லாவே குணமாகும். 14416க்கு கால் பண்ணு, டெலி மனஸ்னு 2022ல இருந்து இருக்கற அரசு சேவை, இலவசம், ராத்திரி மூணு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 104லயும் பேசலாம். நேரடியாவே கேக்கறேன், செத்துடலாம்னு நினைப்பு வருதா? வந்தா இந்தப் பக்கத்த படிச்சு முடிக்கற வரைக்கும் கூட காத்திருக்காத, இப்பவே கால் பண்ணு, பக்கத்து ரூம் பையன எழுப்பி கூட உக்கார வை. அப்பாகிட்ட கடனப் பத்தியும் மார்க்கப் பத்தியும் பேச வேண்டாம், "எனக்கு உடம்பு சரியில்லப்பா, ஒரு தடவை வாங்க"ன்னு மட்டும் சொல்லு, அவர் வருவார்.

டாக்டரப் பாக்கற வரைக்கும் காலைல எழுந்ததும் மேகமா இருந்தாலும் அரை மணி நேரம் வெளிய நட, மேகத்துக்கு நடுவுல வர்ற வெளிச்சமும் ரூம் டியூப்லைட்ட விட பல மடங்கு அதிகம், தூக்கத்த அதுதான் மெல்ல பழைய நேரத்துக்குக் கொண்டு வரும். போன சார்ஜ் போட்டு ரூமோட அந்த மூலைல வச்சுட்டுப் படு. மெஸ்ல தனியா உக்காராத.

கேள்வி: மசினகுடில இருந்து கல்லட்டி வழியா டெய்லி ஊட்டிக்கு காலேஜ் வர்றேன், 36 கொண்டை ஊசி, வாந்தி நிக்கல.

பதில்: முன்னாடி சீட், ஜன்னலோரம், கண்ணு ரோட்டு மேல தூரத்துல. போன் பாக்கவே கூடாது, படிக்கவும் கூடாது, வளைவுல உடம்பு திரும்பறது ஒண்ணும் கண்ணு பாக்கறது ஒண்ணுமா இருந்தாத்தான் குமட்டுது. வெறும் வயித்தோடயும் ஏறாத, வயிறு முட்டவும் சாப்பிடாத, ரெண்டு இட்லி போதும். இஞ்சி சில பேருக்கு நல்லா கேக்கும். மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு கிளம்பறதுக்கு அரை மணி ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. அவில் மாதிரி மாத்திரைங்க தூக்கம் தள்ளும், டெய்லி போடற விஷயமும் இல்ல, பரீட்சை அன்னைக்கு முதல் தடவையா போட்டுப் பாக்காத, ஒரு லீவு நாள்ல போட்டு எப்படி இருக்குன்னு பாத்துக்கோ.